தீபாவளிப் பட்டாசு: கடைத்தெருவா, திடலா, தடையா?

பட்டாசு விற்க எந்த இடத்தை விடுவது என்ற கேள்வி நகராட்சி, பேரூராட்சி மன்றங்களுக்குப் பெரும்பாலும் புரட்டாசியில்தான் வந்து சேர்கிறது. அதற்குள் வியாபாரிகள் சிவகாசிக்குப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டிருப்பார்கள். கிஃப்ட் பாக்ஸ் சீட்டுக் கட்டியவர்கள் சரக்குக்குக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் மன்றம் போடும் தீர்மானம் ஏற்கெனவே நடந்துவிட்டதற்குப் போடும் கையெழுத்தாகத்தான் இருக்கும். உண்மையாகவே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஆடி மாதமே உட்கார்ந்து பேச வேண்டும். தேர்வு மூன்றுதான்: கடைத்தெருவிலேயே ஆங்காங்கே விற்கவிடுவது, ஒரே திடலில் எல்லாரையும் சேர்ப்பது, ஊருக்குள் விற்பனையே கூடாது என்பது.

முதலில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பட்டாசு விற்கும் உரிமத்தை உள்ளாட்சி தருவதில்லை. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி சில்லறைக் கடைக்கான எல்.இ.-5 உரிமத்தைத் தருவது மாவட்ட நிர்வாகம். நடைமுறையில் மாவட்ட வருவாய் அலுவலர். மாநகரக் காவல் எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர். வெடிக்கும் நேரத்தை மாநில அரசு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஒலி அளவு மத்திய அரசின் விதி: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. பேரியம் என்ற ரசாயனம் கலந்த பட்டாசும் சரவெடியும் உச்ச நீதிமன்றத் தடையில் இருக்கின்றன. இவற்றில் எதையும் மன்றம் தளர்த்த முடியாது. கூடுதலாகக் கட்டுப்படுத்த மட்டும் கொஞ்சம் இடமுண்டு.

அப்படியானால் மன்றத்திடம் மிச்சமிருப்பது என்ன? சொந்த நிலம், தொழில் உரிமம், கட்டட அனுமதி, பொது இடங்கள், குப்பை வண்டி. இந்த ஐந்தில் நிலத்துக்குத்தான் பலம் அதிகம். நேரக் கட்டுப்பாட்டைப் பற்றி மேடையில் பேசுவது எளிது, அமல்படுத்துவது கடினம். விற்கும் இடத்தைத் தீர்மானிப்பது மன்றத்தால் உண்மையிலேயே செய்து முடிக்கக் கூடிய வேலை.

கடைத்தெரு

பெரும்பாலான ஊர்களில் இருப்பது இதுதான். பலசரக்குக் கடை, ஃபேன்சி ஸ்டோர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் பண்டிகைக்கு உரிமம் எடுத்து, பாதிக் கடையைப் பட்டாசுக்கு ஒதுக்கி, வாசலில் பெஞ்சு போட்டு கிஃப்ட் பாக்ஸ் அடுக்குவார்கள். வாங்குபவருக்கு வசதி, சிறு வியாபாரிக்குப் பத்து நாள் வரும்படி. சரக்கும் ஒரே இடத்தில் குவியாமல் பிரிந்து கிடக்கிறது.

ஆனால் விதிநூலை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்து பார்த்தால் எத்தனை கடை தேறும் என்பதுதான் கேள்வி. கட்டடத்தில் நடத்தும் பட்டாசுக் கடை தரைத்தளத்தில் இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். மற்ற பகுதிகளிலிருந்து உறுதியான சுவரால் பிரிக்கப்பட்டு, தனி வாசலும் அவசர வழியும் வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகளும் வேண்டும். மேலே குடியிருப்பு கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ லிஃப்டுக்குப் பக்கத்திலோ கூடாது. மெயின் சுவிட்சு கடைக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் பொருள் வைத்திருக்கும் இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

நம் பஜார்களில் கீழே கடை, மேலே வீடு. பின்னால் கதவு இருக்காது; இருந்தாலும் அதை மறைத்து அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். பக்கத்தில் டீக்கடையோ பேக்கரியோ ஹோட்டலோ இருக்கும், அங்கே கேஸ் சிலிண்டர் இருக்கும். 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் பிடித்த தீ பக்கத்து பேக்கரியின் சிலிண்டர்களுக்குப் பரவி, உயிர்ச்சேதம் அதனால் கூடியது. 2009இல் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் தீபாவளிக்கு முந்தைய நாள் 32 பேர் இறந்தார்கள். இரண்டும் நடந்தது பண்டிகை நெரிசலில். பட்டாசு தானாக வெடித்து ஆட்களைக் கொல்வதைவிட, புகையும் அடைபட்ட வாசலும் கொல்வதுதான் அதிகம்.

அளவு மீறல் அடுத்த சிக்கல். மாவட்ட அளவில் தரப்படும் எல்.இ.-5 உரிமத்தில் பட்டாசு வகை 100 கிலோ, சிறு வெடியும் கம்பி மத்தாப்பும் 500 கிலோ என்பதே உச்ச அளவு. பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு எந்தக் கடையிலும் இந்தக் கணக்கு நிற்பதில்லை. ஆய்வுக்குப் போகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சரக்கு அலமாரியில் இருக்காது. மாடி ஏறும் வழியில், பக்கத்துத் தெரு வீட்டில், வாசலில் நிற்கும் மினி லாரியில் இருக்கும். சரியாகப் பார்க்க வேண்டுமானால் அன்றைய இன்வாய்ஸைக் கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சிட்ட எடையைக் கூட்டி, விற்ற பில்லைக் கழிக்க வேண்டும். கணக்கு இடித்தால் மிச்சம் எங்கே என்று கேட்கலாம். 2023 அக்டோபரில் ஓசூரை ஒட்டிய கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது பிடித்த தீயில் இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து பண்டிகை வேலைக்குப் போன இளைஞர்கள். அங்கேயும் அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு குவிந்திருந்தது.

எனவே கடைத்தெருவை முழுக்க மூடத் தேவையில்லை, வடிகட்டினால் போதும். மேலே குடியிருப்பு இல்லாத, பின்வழி உள்ள, 15 மீட்டருக்குள் அடுப்போ சிலிண்டரோ இல்லாத கடைகளுக்கு மட்டும் மன்றம் ஆட்சேபணை இல்லை என்று சொல்லலாம். மற்றவற்றின் பட்டியலைப் புகைப்படத்தோடு வருவாய் அலுவலருக்கு அனுப்பலாம். உரிமம் தருவது அவர்தான் என்றாலும், கோப்பில் எழுத்தில் இருக்கும் ஆட்சேபணையைத் தாண்டிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் யோசிப்பார்.

திடல்

திறந்தவெளியில் தற்காலிகக் கொட்டகை போட்டு எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது இரண்டாவது வழி. சென்னையில் பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வியாபாரம் தீவுத்திடலுக்குப் போனது இந்த யோசனையால்தான். நான் பரிந்துரைப்பதும் இதைத்தான், ஆனால் நிபந்தனையோடு. கெட்டுப்போன திடல், கெட்டுப்போன கடைத்தெருவைவிட மோசம்.

தற்காலிகக் கொட்டகைக்கான விதி குறுகியது, தெளிவானது. கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக, மூடிப் பூட்டக் கூடியதாக இருக்க வேண்டும். கொட்டகைக்கும் கொட்டகைக்கும் 3 மீட்டர் இடைவெளி. வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில், தியேட்டர் போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். கொட்டகைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு கூடாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும், வயரில் தொங்கக் கூடாது. வரிசைக்கு ஒரு மாஸ்டர் சுவிட்சு. 50 மீட்டருக்குள் யாரும் வெடித்துக் காட்டக் கூடாது. ஒரு தொகுப்பில் 50 கடைக்கு மேல் கூடாது.

இந்த எண்களைத் தரையில் போட்டுப் பார்க்காமலேயே பல மன்றங்கள் இடத்தை முடிவு செய்கின்றன. 2 ஏக்கர் மைதானம் என்றால் சுமார் 90க்கு 90 மீட்டர். நான்கு புறமும் வீடு இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 50 மீட்டர் விட வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து 100. ஆக அந்த மைதானத்தில் ஒரு கடைகூட வைக்க முடியாது. ஊர் நடுவில் இருக்கும் பெரும்பாலான பள்ளி மைதானங்களின் நிலை இதுதான்.

5 ஏக்கர் என்றால் ஏறக்குறைய 150க்கு 135 மீட்டர். நான்கு புறமும் 50 மீட்டர் கழித்தால் நடுவில் 50க்கு 35 மீட்டர் மிஞ்சும். 3 மீட்டர் அகலக் கொட்டகை, 3 மீட்டர் இடைவெளி என்று வைத்தால் ஒரு வரிசையில் 8 கடை வரும், 45 மீட்டர் பிடிக்கும். எல்லா வரிசையும் ஒரே திசை பார்க்க வேண்டும். அப்போதுதான் எதிரெதிர் வாசல் வராது. வரிசைகளுக்கு நடுவே 8 மீட்டர் நடைபாதை விட்டால் 3 வரிசை, மொத்தம் 24 கடை. அதை 6 மீட்டராகக் குறைத்தால் நான்காவது வரிசை நுழைந்துவிடும், 32 கடை. பேரம் முழுக்க இந்த 2 மீட்டருக்குத்தான் நடக்கும். ஜனம் நின்று வாங்கும் நேரத்தில் தீயணைப்பு வண்டி உள்ளே வர 8 மீட்டர் வேண்டும். 24இல் நிற்பதுதான் சரி. ஒரு பக்கம் கண்மாயோ தரிசோ இருந்தால் அந்தப் பக்கத்து 50 மீட்டர் மிச்சமாகும், கடை எண்ணிக்கையும் கூடும். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைத் திடல் பஸ் ஸ்டாண்டுக்குத் தூரம் என்று வியாபாரிகள் முகம் சுளித்தாலும், கணக்கு அங்கேதான் சரியாக வருகிறது.

வரிசையில் எங்கே தவறு நடக்கிறது? மழையில். ஐப்பசி என்றாலே வடகிழக்குப் பருவமழை. தூறல் போட்டதும் இரண்டு கொட்டகைகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டுவார்கள். தார்ப்பாய் வந்துவிட்டால் அதன் கீழே அட்டைப்பெட்டி வந்துவிடும். தீ தாண்டாமல் இருக்க விட்ட 3 மீட்டர், தீ நடந்து போகும் கிடங்காகிவிடும். முன்பக்கம் கடைக்குக் கடை ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டுவதும் இதே வேலையைச் செய்கிறது. தகரக் கொட்டகைக்குள் அழகுக்காகச் சாமியானா துணி அடிப்பதும் அப்படித்தான். வெளியே தீப்பிடிக்காத தகரம், உள்ளே பற்றியெரியும் துணி. 2016இல் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்தில் ஒரு மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டாசுக் கடைகள் சில நிமிடங்களில் சங்கிலியாக எரிந்து போயின. 2022இல் விஜயவாடாவில் தீபாவளிக்கு முந்தைய நாள் மைதானக் கடைகளில் தீப்பிடித்து இருவர் இறந்தார்கள். சட்டப்படி 50 கடை என்ற வரம்பும் 3 மீட்டர் இடைவெளியும் சும்மா எழுதியவை இல்லை.

மழையோடு சேர்ந்து வரும் இன்னொன்று மின்சாரம். ஈரத் தரை, தகரச் சுவர், தற்காலிக வயரிங் மூன்றும் சேர்ந்தால் தீக்கு முன்னால் ஷாக் அடிக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. பொருத்தி, கொட்டகைகளுக்கு எர்த் கொடுக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், செல்போன் சார்ஜர், ஹாலஜன் விளக்கு எதற்கும் கொட்டகைக்குள் இடமில்லை. ஜெனரேட்டரும் டீசல் கேனும் வரிசையின் கோடியில் இல்லாமல் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் தானாக வந்து அடுப்பு மூட்டுவார். அவருக்கு வாசலுக்கு வெளியே இடம் காட்டிவிட்டால் தகராறு இருக்காது.

தீயணைப்புக் கருவி வாங்கும்போதும் யோசித்து வாங்க வேண்டும். பட்டாசு மருந்தில் வெடியுப்பு இருக்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே தருவதால், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் மூச்சை அடைத்து அணைக்க முடியாது. அது சுவிட்ச் போர்டுக்கு மட்டும் உதவும். அட்டைப்பெட்டி, காகிதத்தில் பிடித்த தொடக்கத் தீயை அடக்குவது நிறையத் தண்ணீர்தான். கடைக்கு ஒரு 200 லிட்டர் டிரம்மும் நான்கு வாளியும் இருப்பது, சுவரில் மாட்டிய சின்னச் சிவப்புச் சிலிண்டரைவிட மேல். சரக்கே பற்றிக்கொண்டால் அணைக்கப் பார்க்கக் கூடாது. மாஸ்டர் சுவிட்சை இறக்கிவிட்டு ஆட்களை வெளியேற்றுவது ஒன்றுதான் வேலை. அதற்காகவே திடலுக்கு எதிரெதிர் பக்கத்தில் இரண்டு வாசல் வேண்டும். பைக் நிறுத்துமிடம் அந்த வாசல்களை அடைக்கக் கூடாது.

இரவு பாதுகாப்புக்கு ஆட்கள் கடைக்குள்ளேயே படுப்பதும், கொசுவர்த்தி ஏற்றுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. மன்றமே இரண்டு காவலர்களை வைத்து, அந்தச் செலவை வாடகையில் சேர்த்துவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்லலாம்.

வாடகை என்றதும் ஏலம்தான் மன்றங்களுக்கு நினைவுக்கு வரும். வருமானத்துக்கு ஏலம் நல்லது, பாதுகாப்புக்குக் கெட்டது. அதிக விலைக்கு எடுத்தவர் போட்டதை எடுக்கச் சரக்கை இரட்டிப்பாக்குவார், அல்லது கொட்டகையை இரண்டாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். மொத்தத் திடலையும் ஒரே குத்தகைதாரருக்கு விட்டால் அவர் நடைபாதையில் கடை நுழைப்பார். கடை எண்ணிக்கையை முதலில் வரைபடத்தில் நிர்ணயித்து, நிலையான வாடகை வைத்து, விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் போடுவது மேல். வாடகையோடு ஒரு முன்வைப்புத் தொகையும் வாங்கிக்கொள்ளலாம். இடைவெளியில் பெட்டி அடுக்கியவருக்கு அது திரும்பாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தடை

மூன்றாவது வழி கேட்க நன்றாக இருக்கும். சிங்கப்பூர் 1970இல் பகுதியாகவும் 1972இல் முழுதாகவும் பட்டாசைத் தடுத்தது, அது நின்றது. காரணம், அது ஒரு தீவு. சரக்கு துறைமுகம், மலேசியாவோடு இணைக்கும் பாலம் போன்ற காவலுள்ள சில வாசல்கள் வழியாகத்தான் வர வேண்டும். டெல்லியின் கதை வேறு. 2016இல் உரிமங்களை நிறுத்திவைத்ததில் தொடங்கி, விற்பனைத் தடை, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, முழுத் தடை, ஆண்டு முழுவதற்கும் தடை என்று மாறி மாறிப் போய், 2025 தீபாவளிக்குச் சில நாட்கள் மட்டும் பசுமைப் பட்டாசு என்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. தடை இருந்த ஆண்டுகளிலும் இரவு முழுக்க வெடித்தது. பக்கத்து மாநில எல்லையில் வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டு ஊர் ஒன்று தனியாகத் தடை போட்டால் நடப்பதும் அதுதான். பத்துக் கிலோமீட்டரில் அடுத்த ஊர்க் கடை இருக்கிறது. சிவகாசியிலிருந்து பார்சலில் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைன் விற்பனைக்கு 2018 தீர்ப்பிலேயே தடை என்றாலும், வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டாசை பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டு போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், சீட்டுக்கு அடியில் பை இருக்கும். உரிமம் பெற்ற 24 கடையை மூடினால் அந்தச் சரக்கு 2400 வீட்டுப் பரணுக்குப் போகும். பரணை யாரும் ஆய்வு செய்ய மாட்டார்கள். ஆகவே முழு விற்பனைத் தடையைப் பொதுவான தேர்வாக நான் வைக்க மாட்டேன்.

தடை தானாக நிற்கும் இடமும் உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. பறவை கூடு கட்டும் பருவம் அது. ஊர் கூடி எடுத்த முடிவு, வனத்துறை இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. போலீஸ் தேவைப்படவில்லை. எல்லையும் காரணமும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தால் தடை நிற்கும் என்பதற்கு இது சாட்சி. நகர்ப்புறத்தில் இதைப் பெயர்த்து வைக்க வேண்டுமானால் சின்ன வட்டமாக வைக்க வேண்டும்: அரசு மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர், கூரை வீடுகள் நெருங்கிய தெரு, வைக்கோல் போர் இருக்கும் களம், பெட்ரோல் பங்க், பஞ்சு குடோன். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது ஏற்கெனவே ஒலி மாசு விதிகளில் உள்ளது. மன்றம் செய்ய வேண்டியது தெருவில் போர்டு வைத்து, சாலையில் பெயிண்டால் கோடு போட்டுக் காட்டுவது மட்டும்தான்.

வெடிப்பதற்கு நேரமா, இடமா?

விற்பனையை ஒழுங்கு செய்த பிறகு வரும் கேள்வி இது. காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்ற கட்டுப்பாட்டை மீறுவோர் மீது காவல்துறை வழக்குப் பதிகிறது. முதல் ஆண்டான 2018இல் மட்டும் மாநிலம் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேல் வழக்கு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு. காலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலில் ஓர் அணுகுண்டு வைக்கும் பழக்கத்தை எந்த வழக்காலும் நிறுத்த முடியவில்லை. ரோந்து வண்டி தெருமுனையில் திரும்பும்போது எல்லாரும் வீட்டுக்குள் இருப்பார்கள். நேரக் கட்டுப்பாட்டில் இன்னொரு தொல்லை: எல்லாரும் அதே ஒரு மணி நேரத்தில் வெடிப்பதால் புகையும் தீயணைப்பு அழைப்பும் ஒன்றாக வந்து விழும். இருந்தாலும் இது மாநில உத்தரவு. மன்றம் இதை எடுக்கவும் முடியாது, கூட்டவும் தேவையில்லை.

பொது இடத்தில் சேர்ந்து வெடிப்பது நல்ல மாற்று என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறது. எல்லாவற்றையும் பொது இடத்துக்கு இழுக்கப் பார்த்தால் தோற்கும். பூச்சட்டி, சங்குச் சக்கரம், கம்பி மத்தாப்பு வீட்டு வாசலோடு ஒட்டியவை. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவற்றை விட்டுவிடலாம். வானில் போகும் ஷாட்ஸ், ராக்கெட், பெரிய வெடி இவற்றை மட்டும் வார்டுக்கு ஒரு மைதானத்துக்குக் கொண்டுவரப் பார்க்கலாம். கூரையில் விழுவதும் மாடி பால்கனிக்குள் நுழைவதும் இவைதானே. மைதானத்தின் மேலே மின்கம்பி போகக் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்வையாளர் நிற்கக் கூடாது. ஷாட்ஸ் பெட்டியின் இரு பக்கமும் மணல் மூட்டையோ செங்கலோ முட்டுக் கொடுக்க வேண்டும். பாதியில் பெட்டி சாய்ந்தால் மிச்சக் குழாய்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுடும். ராக்கெட்டுக்கு பாட்டில் வேண்டாம். தரையில் நட்ட ஒரு அடி இரும்புக் குழாய் நிமிர்ந்து நிற்கும். அணைந்து போன வெடியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் போகவே போகாது. அதற்கு ஒரு ஆளும் ஒரு வாளித் தண்ணீரும் நிறுத்துவதுதான் வழி.

(தீபாவளி ஒரு நாள் விஷயம். சாவு ஊர்வலத்திலும் கட்சிக்காரர் வரவேற்பிலும் நடுரோட்டில் போடும் நாட்டு வெடிதான் ஆண்டு முழுக்க உள்ள தொல்லை. அதற்கு இந்த இரண்டு மணி நேரம் பொருந்தாது. தனித் தீர்மானம் வேண்டும்.)

எந்த ஊருக்கு எது?

மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கு மேல் உள்ள, 5 ஏக்கர் திறந்தவெளி கிடைக்கிற நகராட்சி என்றால் திடல்தான். கடைத்தெருவில் தகுதியுள்ள நிரந்தரக் கடைகள் மட்டும் தொடரட்டும், தற்காலிகக் கடைகளுக்குப் பஜாரில் இடமில்லை என்று தீர்மானம் போடலாம். அப்படிப்பட்ட இடம் இல்லாத நெருக்கமான பழைய ஊர்கள் பக்கத்து ஊராட்சியோடு பேசி எல்லையில் ஒரு திடலைப் பகிர்ந்துகொள்ளலாம். வாடகையை ஊராட்சிக்கு விட்டுக்கொடுத்தால் கிராம சபையும் ஒத்துக்கொள்ளும். ஐந்தாறு கடைக்கு மேல் வராத சிறு பேரூராட்சிக்குத் திடல் வீண் செலவு. அங்கே வடிகட்டிய கடைத்தெருவே போதும். சரணாலயம், காட்டை ஒட்டிய ஊராட்சிகளில் மட்டும் ஊர்ச் சம்மதத்தோடு வெடிக்கத் தடை.

எதைத் தேர்ந்தாலும் போதிய கால அவகாசம் தர வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான பட்டாசு விதியை ஒரு நகரம் கொண்டுவந்தால் அது ஓராண்டு கழித்துத்தான் நடைமுறைக்கு வரும் என்று சட்டமே சொல்கிறது. நமக்கு அப்படி விதி இல்லை என்றாலும் வியாபாரி சிவகாசியில் முன்பணம் கொடுத்த பிறகு விதியை மாற்றினால், அவர் ஒளித்துதான் விற்பார். ஆடியில் தீர்மானம், ஆவணியில் அளந்து சுண்ணாம்புக் கோடு, குலுக்கல், புரட்டாசியில் தீயணைப்புத் துறையோடு சேர்ந்து ஆய்வு என்று வைத்துக்கொண்டால் ஐப்பசியில் யாரும் ஓடவேண்டியதில்லை.

விற்காத சரக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தீபாவளி முடிந்த இரவு தற்காலிக உரிமம் முடிகிறது. மிச்சப் பெட்டிகள் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போகின்றன. அடுத்த கார்த்திகைக்கு ஆகும் என்று கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். குலுக்கலில் இடம் கொடுக்கும்போதே, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடமிருந்து ஒரு கடிதம் கேட்கலாம். முன்வைப்புத் தொகையைத் திருப்பும் முன் திரும்பிய சரக்கின் ரசீதைப் பார்க்கலாம்.

மறுநாள் குப்பை தனி வேலை. சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாக வாரி, கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. அந்த வசதி இல்லாத ஊர்கள் குறைந்தபட்சம் அதை மக்கும் குப்பையோடு கலக்காமல் தனிச் சாக்கில் கட்ட வேண்டும். உரக்கிடங்குக்குப் போனால் மருந்துத் தூள் எருவில் கலந்துவிடும். கூட்டிப் பெருக்கிக் கொளுத்தவே கூடாது. வெடிக்காமல் கிடந்தவை குவியலில் இருக்கும், கையில் துடைப்பத்தோடு நிற்கும் தூய்மைப் பணியாளரின் முகத்துக்கு நேராக வெடிக்கும். தள்ளுவண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம் தண்ணீர் கொடுத்து, திரி கருகாத வெடிகளை அதில் போடச் சொல்லி, ஒரு இரவு முழுக்க ஊறவிட்டபின் சாக்கில் கட்டலாம்.